நஞ்சே மருந்தான விந்தை



போடிநாயக்கனூரின் ஏலக்காய்க் கிட்டங்கிகளைக் கண்டிருப்பீர்கள். மலையிலிருந்து வந்து குவியும் காய்களைத் தாய்மார்கள் அமர்ந்து தரம் பிரிக்கின்றனர். வெடித்தவையும் கறுத்தவையும் ஒதுக்கப்படுகின்றன. நல்ல காய்க்குச் சேதமில்லை. நம் உடலின் உயிரணுக்களிலும் இத்தகைய பணி இடையறாது நடைபெறுகிறது. வேண்டாத புரதத்தின் மீது 'யுபிகுட்டின்' எனும் சிறு புரதம் முத்திரையாக ஒட்டப்படுகிறது. முத்திரை பெற்ற புரதம் 'புரோட்டியசோம்' என்னும் அரவை அறைக்குள் சென்று துண்டு துண்டாகிறது. இம்முத்திரை முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2004-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தத் துப்புரவுப் பணியைப் புற்றுநோய்க்கு எதிராக ஏவ முடியுமா? முடியும். அதற்குரிய சான்று நம் தமிழகத்திலேயே, வேலூரில் இருக்கிறது.

இரத்தப் புற்றுநோய்களுள் 'ஏ.பி.எல்.' என்பது மிகக் கொடியது. 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால், 'பி.எம்.எல்.', 'ராரா' என்ற இரு புரதங்கள் ஒட்டிப் பிறந்தாற்போல் ஒரே புரதமாகிவிடுகின்றன. இந்தத் திரிந்த புரதம், வெள்ளணுக்களை முதிரவிடாமல் தடுக்கிறது. முதிராத அணுக்கள் பெருகுகின்றன. இரத்தம் உறையும் தன்மை குலைகிறது. உரிய சிகிச்சை இல்லையேல், மூளையில் இரத்தம் கசிந்து சில நாட்களிலேயே உயிர் பிரியக்கூடும்.

இதற்கு மருந்தாக அமைந்தது எது தெரியுமா? நம் முன்னோர் வெள்ளைப் பாஷாணம் என்று அஞ்சிய ஆர்சனிக்! 1970-களில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மேத்யூஸ், மம்மன் சாண்டி உள்ளிட்ட மருத்துவர்கள், 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்கு ஆர்சனிக்கை மட்டுமே அளித்தனர். நூற்றுக்கு 86 பேரிடம் நோயின் அடையாளம் மறைந்தது. மூன்றாண்டுகள் கடந்தும் நூற்றுக்கு 86 பேர் உயிருடனிருப்பர் என்று கணக்கிடப்பட்டது. முதற்கட்டம் முடிந்தபின் வெளிநோயாளியாகவே மருந்தைப் பெற முடிந்தது. 2006-இல் வெளியான இம்முடிவுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன.

நஞ்சு எவ்வாறு நன்மை செய்தது? ஆர்சனிக், திரிந்த புரதத்தின் பி.எம்.எல். பகுதியை நேரடியாகப் பற்றிக்கொள்கிறது என்பதை 2010-இல் சீன அறிஞர்கள் காட்டினர். பற்றியதும் புரதங்கள் திரள்கின்றன. யுபிகுட்டின் முத்திரை விழுகிறது. அரவை அறை எஞ்சியதைப் பார்த்துக்கொள்கிறது. தடை நீங்கிய அணுக்கள் முதிர்கின்றன அல்லது மடிகின்றன. வைட்டமின் ஏ-யின் உறவான 'ஏ.டி.ஆர்.ஏ.' மருந்து, அதே புரதத்தை ராரா பக்கத்திலிருந்து தாக்குகிறது. இன்று இவ்விரண்டையும் இணைத்தே பலருக்கும் சிகிச்சை தரப்படுகிறது. எலும்பு மச்சையில் தோன்றும் மைலோமா புற்றுநோய்க்குரிய லெனலிடோமைடு மருந்தும், வேறிரு புரதங்களுக்கு இவ்வாறே முத்திரையிடச் செய்கிறது என்பது 2014-இல் வெளியாயிற்று.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். மருத்துவர்கள் இம்மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பு வழியே செலுத்தி, இதயத்தைக் கண்காணித்துக்கொண்டே அளிக்கின்றனர். கைமருந்தென்று எவரேனும் பாஷாணம் தந்தால், அது உயிருக்கு உலைவைக்கும்.

ஏலத்தோட்டங்களில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் சற்று நேரம் கசிவது வழக்கமே. ஆனால், காரணமின்றி ஈறில் இரத்தம் வடிதல், அடிபடாமலே உடலில் நீலத் தழும்புகள், அளவு மீறிய மாதவிலக்கு, காய்ச்சலுடன் கூடிய சோர்வு ஆகியவற்றை 'மலை வேலையின் அலுப்பு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டுப் பெண்கள் கூச்சத்தால் மறைக்கவும் விடாதீர்கள். அன்றே தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்நோயில் முதல் சில நாட்களே பேராபத்தானவை. அவற்றைக் கடந்தவர்களுள் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். மருந்து இருக்கிறது. அது சென்று சேரும்வரை நோயாளியை உயிரோடு காப்பது, காலந்தாழ்த்தாத குடும்பத்தாரின் கையில் இருக்கிறது.