இராக்காவலும் துவக்கின் விளக்கும்

வன்னியிற் காலபோக நெல் கதிர் ஈன்று பால் பிடிக்கும் நாள்களிற் கமக்காரருக்கு உறக்கம் ஏது? பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் அமைந்த எங்கள் தர்மபுரத்திலும் அயற்கிராமங்களிலும், காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு வயலில் இறங்கினாற் போதும். பல மாத உழைப்பு சேற்றோடு சேறாகிவிடும். ஆதலால் வயலோரக் கொட்டில்களில் விடியும்வரை காவல் இருப்பர். முன்னோர் தீப்பந்தமும் அரிக்கன் லாம்பும் கொண்டு காத்தனர். இன்று அவற்றின் இடத்தை மின்சூள், அதாவது ரோச் லைற், பெற்றுள்ளது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்றோர் மின்சூளைத் துவக்கின் குழலோடு பிணைத்துக்கொள்வதும் உண்டு. அவ்விளக்கு எத்தகையதாய் இருத்தல் வேண்டும், எவ்விடத்தில் அமைதல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் விளக்கின் தெரிவை நோக்குவோம். விரிந்து செல்லும் ஒளி, தூரம் இருமடங்காகும்போது செறிவில் நான்கிலொரு பங்காகும். 25 மீற்றரிற் போதுமான வெளிச்சம் 50 மீற்றரிற் போதாது. அதற்காகக் கற்றையை மிகக் குறுக்கினாலோ, விலங்கு தெரியும். அதன் பக்கத்தில் நிற்பது தெரியாது. எனவே நடுவிற் செறிந்தும் ஓரங்களில் மென்மையாகப் பரந்தும் விழும் ஒளியே காவலுக்கு ஏற்றது. பழைய குமிழ்விளக்கின் இழை வெடியின் அதிர்ச்சியில் அறுந்துபோவதுண்டு. இன்றைய எல்.ஈ.டி. விளக்கில் அறுவதற்கு இழையே இல்லை.

அடுத்தது அமைவிடம். குழலின் மேலே வைத்தாற் குறிபார்க்கும் கண்ணுக்கு இடையூறாகும். மிகப் பின்னே வைத்தாற் குழலின் நிழல் ஒளிவட்டத்தின் ஒரு பகுதியை மறைக்கும். குழல்வாய்க்கு மிக அருகில் வைத்தால் வெடிமருந்துக் கரி கண்ணாடியில் படியும். ஆகவே குழலின் கீழோ பக்கத்திலோ, வாயினின்றும் சற்றுப் பின்வாங்கி அமைப்பது நன்று. குழலைத் தாங்கும் கையின் பெருவிரலுக்கு ஆளி எட்டவேண்டும். விசையை இழுக்கும் விரலுக்கு வேறு வேலை கொடுத்தல் ஆகாது. பிணைப்பு ஈரிடத்தில் இறுகப் பற்றவேண்டும். விளக்கு ஒரு பாகை சரிந்தாலும் 50 மீற்றர் தூரத்தில் ஒளிவட்டம் ஏறத்தாழ 87 சென்ரிமீற்றர் விலகிவிடும். சைக்கிள் ரியூப்பைக் கிழித்துக் கட்டிய விளக்கை நம்பலாகாமைக்கு இதுவே காரணம்.

மின்கலத்தையும் மறத்தல் ஆகாது. வட இந்தியாவின் ருத்ரப்பிரயாகையில் 125 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சிறுத்தையை 1926ஆம் ஆண்டில் ஜிம் கோர்பெற் சுட்டபோது, அவருடைய மின்சூள் ஒரு கணம் ஒளிர்ந்து அணைந்துவிட்டது. குண்டு பட்டதா தவறியதா என்பதை அறியாமலே அவர் விடியும்வரை மரத்தின்மேல் இருக்க நேர்ந்தது. பெயர்பெற்ற வேட்டைக்காரருக்கே இக்கதியெனின், நமக்கு மாற்று மின்கலம் எத்துணை இன்றியமையாதது!

இவை யாவும் செம்மையாக அமைந்தபின்னும் ஒரு பேரபாயம் எஞ்சியிருக்கிறது. துவக்கிற் பிணைத்த விளக்கு எங்கே பார்க்கிறதோ, அங்கே குழலும் பார்க்கிறது. வரம்பில் எழுந்த ஓசை யாதென அறிய அவ்விளக்கைத் திருப்புபவர், அறியுமுன்னரே அதன்மேற் குறிவைத்தவர் ஆகின்றார்.

“கண் மின்னுவதைக் கொண்டு தெரிந்துகொள்ளலாமே” என்பர் சிலர். மாடு, மான், நாய், சிறுத்தை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. ஆதலால் அவற்றின் கண்கள் மின்னும். பன்றிக்கு அப்படலம் இல்லை. நேயர்களே, மனிதனுக்கும் இல்லை! மின்னாத கண்ணைப் பன்றியென்று முடிவுசெய்பவர், வாய்க்காலில் நீர் திருப்பக் குனிந்திருக்கும் அயலவரையும் அவ்வாறே முடிவுசெய்யக்கூடும். இருளுக்குப் பழகக் கண்ணுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் வேண்டும். ஒருமுறை விளக்கேற்றி அணைத்தால் அப்பழக்கம் கலைந்து, அணைத்தபின் எதுவும் தெரியாது போகும். இதையும் நினைவிற் கொள்க.

எனவே காவலுக்கு இரு விளக்குகள் வேண்டும். தேடுவதற்குத் தலையிலோ கையிலோ ஒன்று. துவக்கு அப்போது நிலத்தை நோக்கியே இருக்கட்டும். முதலிற் குரல் கொடுங்கள். மறுகுரல் வருகிறதா எனக் கேளுங்கள். நின்றது இன்னதென உடல் முழுவதையும் கண்டு தெளிந்த பின்னரே துவக்கின் விளக்கு ஒளிரட்டும். பக்கத்து வயற்காரர் எங்கே காவலிருக்கிறார் என்பதைப் பொழுது சாயுமுன்னரே கேட்டறிந்துகொள்ளுங்கள். இரவில் எந்த விளக்கும் காட்டாததை அந்த ஒரு சொல் காட்டிவிடும். போன நெல்லை அடுத்த போகத்தில் மீட்கலாம். போன உயிரை எப்போகத்தில் மீட்பது?