நிராகரிக்கும் வாக்குக்கு வலிமை உண்டா?

2013 டிசம்பர் 4 அன்று ஏற்காடு சட்டப்பேரவைத் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. சேர்வராயன் மலைக் கிராமங்களையும் வாழப்பாடி போன்ற சமவெளிப் பகுதிகளையும் உள்ளடக்கிய, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி அது. 'மேற்கண்ட எவருமில்லை' எனும் நோட்டா பொத்தானைத் தமிழ்நாட்டு வாக்காளர்கள் முதன்முதலில் கண்டது அந்தத் தேர்தலில்தான். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயன் அது. அதற்கு முன்னர், எவருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் 49-ஓ விதியின்கீழ் அதைத் தேர்தல் அலுவலரிடம் வெளிப்படையாகத் தெரிவித்துப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். வாக்கின் இரகசியம் அங்கே பறிபோனது.

ஏற்காட்டில் நோட்டாவுக்கு 4,431 வாக்குகள் விழுந்தன. இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களுக்கு அடுத்து, மூன்றாம் இடம். அதிமுக வேட்பாளர் 78,116 வாக்கு வேறுபாட்டில் வென்றதால், அந்த வாக்குகள் முடிவை மாற்றவில்லை என்பதில் வியப்பில்லை. ஆனால், நோட்டாவே முதலிடம் பெற்றிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அடுத்த நிலையில் இருக்கும் வேட்பாளரே வென்றவராக அறிவிக்கப்பட்டிருப்பார். நிராகரிக்கும் உரிமை வாக்காளருக்குத் தரப்பட்டது. நிராகரிப்பின் விளைவு தரப்படவில்லை.

விளைவுள்ள நிராகரிப்பு நடைமுறையில் சாத்தியமா? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, நான் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் கட்டற்ற திறமூல மென்பொருள் உலகின் தேர்தல்களை இங்கே எடுத்துரைப்பது பொருத்தமாக இருக்கும்.

மென்பொருளுக்கு எதற்குத் தேர்தல்?

திறமூல மென்பொருளின் நிரல்களை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் ஒருவர் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸ் என்னும் திறமூல மென்பொருளே. இத்தகைய திட்டங்களில் பல்லாயிரம் தன்னார்வலர்களும் பெருநிறுவன ஊழியர்களும் சேர்ந்து உழைக்கின்றனர். எந்த மாற்றத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது, எந்தத் திசையில் செல்வது என்று யாராவது முடிவுசெய்தாக வேண்டும். தொடக்கத்தில் அந்த 'யாராவது' பெரும்பாலும் திட்டத்தை உருவாக்கியவராகவே இருப்பார். திட்டம் வளர்ந்த பின்னர் அந்தப் பொறுப்பு, தொழில்நுட்ப வழிகாட்டுக் குழு ஒன்றிடம் செல்வதுண்டு.

பைத்தான் நிரல்மொழியின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதை உருவாக்கிய கீடோ வான் ரோசம் சுமார் 30 ஆண்டுகள் இறுதி முடிவெடுப்பவராக இருந்தார். 2018 ஜூலையில், மொழியில் புதிய இலக்கணக் கூறு ஒன்றைச் சேர்ப்பது குறித்து எழுந்த கடும் விவாதத்தால் சோர்ந்து அப்பொறுப்பிலிருந்து விலகினார். தமக்குப் பின் யார் என்று அவர் எவரையும் சுட்டவில்லை. முறையை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். மையப் பங்களிப்பாளர்கள் பல ஆட்சிமுறை முன்மொழிவுகளை வாக்கெடுப்புக்கு விட்டு, ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஏற்றனர். 2019-இல் முதல் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. விலகிய கீடோவே அக்குழுவின் ஐவரில் ஒருவராக, வாக்கு பெற்று வந்தார். அதாவது, நிறுவனர் உறுப்பினரானார்.

ஒரே வீட்டார் ஆளக் கூடாது

இத்தேர்தல்களில் என்னை மிகவும் ஈர்ப்பது ஒரு விதி. பைத்தான் குழுவில் ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. கூகுளில் பிறந்த குபர்நெட்டீஸ் திட்டத்திலும் இதே நிலைதான். அதன் வழிகாட்டுக் குழுவில் எழுவர். ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் இரண்டு இடங்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் வென்றால், அவர்களில் குறைந்த ஆதரவு பெற்றவர் விலக்கப்பட்டு அடுத்தவருக்கு இடம் செல்லும்.

இதன் தேவை எளிதில் விளங்கும். திறமூலத் திட்டங்களில் முழுநேரம் உழைக்க ஊதியம் தருபவை பெருநிறுவனங்கள். உழைப்பவருக்கே வாக்கு என்றால், அதிக ஊழியர்களை அனுப்பும் நிறுவனமே குழுவைக் கைப்பற்றும். வாக்குரிமையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஊதியப் பட்டியலே போதும். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டும் இதே அச்சத்தை அறிந்திருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் குடவோலையில் பெயர் இட இயலாது என்று அது விதித்தது. அன்று உறவு, இன்று முதலாளி. பொது நிர்வாகம் ஒரு குழுவின் கைக்குள் முடங்கக் கூடாது என்ற கவலை ஒன்றே.

பல்லுள்ள நோட்டா

நிராகரிப்புக்கு வலிமை தரும் முறையை டெபியன் திட்டத்தில் காணலாம். 1993-இல் தொடங்கப்பட்ட இந்த லினக்ஸ் இயங்குதளத் திட்டம் 1998-இல் தனக்கென ஓர் அரசமைப்பை ஏற்றது. ஏறத்தாழ 1,000 உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். வாக்காளர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. வேட்பாளர்களை 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையில் அடுக்குகிறார். அந்த வரிசையில் 'மேற்கண்ட எவருமில்லை' என்பதும் ஒரு வேட்பாளரைப் போலவே நிற்கும். எண்ணும்போது இருவர் இருவராக ஒப்பிடப்படுகின்றனர். ஒரு வேட்பாளரை நோட்டாவுக்கு மேலே வைத்தவர்களைவிடக் கீழே வைத்தவர்கள் அதிகம் என்றால், அவர் போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். நோட்டாவே வென்றால் தேர்தல் மீண்டும் நடத்தப்படும், தேவைப்பட்டால் பலமுறை.

2023-இல் டெபியன் தலைவர் பதவிக்கு ஒருவரே போட்டியிட்டார். அப்போதும் வாக்கெடுப்பு நடந்தது. அவர் நோட்டாவை வென்ற பிறகே தலைவரானார். நம் நாட்டில் 2024 மக்களவைத் தேர்தலில் சூரத் தொகுதியில் எஞ்சிய ஒரே வேட்பாளர், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 53(2) பிரிவின்படி வாக்குப்பதிவு இன்றியே வென்றவராக அறிவிக்கப்பட்டார். அதே தேர்தலில் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் விலகிய நிலையில், நோட்டாவுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. சூரத்தில் சொல்ல வாய்ப்பில்லை. இந்தூரில் சொன்னதற்குப் பயனில்லை.

1,000 பேர் கொண்ட திட்டத்தின் முறையைப் பல கோடி வாக்காளர்களின் தேர்தலில் அப்படியே பொருத்த முடியாது என்பதை ஏற்கிறேன். விருப்ப வரிசை முறையும் அடுத்தடுத்த மறுதேர்தல்களும் பெரும் செலவையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும். ஆயினும் சிறிய அளவில் தொடங்குவதற்கு முன்மாதிரி இந்தியாவிலேயே உள்ளது. 2018-இல் மகாராஷ்டிர, ஹரியாணா மாநிலத் தேர்தல் ஆணையங்கள், உள்ளாட்சித் தேர்தல்களில் நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் நடத்தப்படும் என்று அறிவித்தன. தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளிலும் இதை முயன்று பார்க்கலாம். ஒரே வேட்பாளர் நின்றாலும் அவரை நோட்டாவுடன் போட்டியிடச் செய்வது அதனினும் எளிது.

வாக்காளர் யார்?

மென்பொருள் உலகின் தேர்தல்களிலும் குறைகள் உண்டு. அவற்றுள் முதன்மையானது, வாக்குரிமை பயனர்களுக்கு இல்லை என்பது. பைத்தானில் மையப் பங்களிப்பாளர்களுக்கே வாக்கு. குபர்நெட்டீஸில், கடந்த ஓராண்டில் குறைந்தது 50 பங்களிப்புகளைச் செய்திருக்க வேண்டும். பயன்படுத்தும் கோடிக்கணக்கானோரின் சார்பில் சில நூறு பேர் முடிவெடுக்கின்றனர். அவர்களுக்கு எஞ்சுவது ஓர் உரிமை: முடிவு பிடிக்கவில்லை என்றால் நிரலை எடுத்துக்கொண்டு தனியே கிளைக்கலாம். 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து லிப்ரே ஆபீஸ் அப்படித்தான் பிறந்தது. ஆனால், கிளைக்கும் ஆற்றல் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

தமிழரான நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. தமிழ் எழுத்துரு சிதையாமல் தோன்றுவதும், விசைப்பலகை ஒழுங்காக இயங்குவதும், பிழைகள் எப்போது திருத்தப்படும் என்பதும் இத்தகைய திட்டங்களின் முன்னுரிமைகளைப் பொறுத்தவை. அம்முன்னுரிமைகள் வகுக்கப்படும் இடத்தில் நம் மொழியின் தேவையை அறிந்தோர் இருக்க வேண்டும். கேரளத்தைச் சேர்ந்த ஸ்ருதி சந்திரன் டெபியன் தலைவர் தேர்தலில் 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் போட்டியிட்டார். அம்மூன்றிலும் அவர் வெல்லவில்லை; ஆயினும் பெண்களும் பிற நாட்டினரும் ஏன் குறைவாக இருக்கின்றனர் என்ற கேள்வியைத் தேர்தல் களத்துக்கே கொண்டுவந்தார்.

அங்கே நுழையும் வாயிலும் திறந்தே இருக்கிறது. நிரல் எழுதாதோரையும் முழு வாக்குரிமை உள்ள உறுப்பினராக ஏற்பதற்கு டெபியன் 2010-இல் வாக்கெடுப்பின் மூலம் வழிசெய்தது. மொழிபெயர்ப்பாளர், ஆவணம் எழுதுவோர், வடிவமைப்பாளர் ஆகியோருக்கும் அங்கே வாக்கு கிடைக்கும். தமிழாக்கப் பணியில் ஊதியமின்றி உழைக்கும் இளைஞர்கள் பலரை நான் அறிவேன். மொழிபெயர்த்து முடித்ததும் ஒதுங்கிவிடுகிறார்கள், உறுப்புரிமைக்கு விண்ணப்பிப்பதில்லை. அவர்கள் விண்ணப்பிக்க வேண்டும், வாக்களிக்க வேண்டும், ஒருநாள் வேட்பாளராகவும் நிற்க வேண்டும்.

வாக்காளரின் மறுப்புக்கு எடை இருந்தால்தான் அவருடைய ஒப்புதலுக்கும் எடை இருக்கும். ஏற்காட்டில் நோட்டாவை அழுத்திய 4,431 பேருக்கு அந்த எடை இன்றுவரை வழங்கப்படவில்லை. உலகின் ஒரு மூலையில், ஊதியம் கேளாமல் நிரல் எழுதும் மனிதர்கள் அதைத் தமக்குத் தாமே விதியாக எழுதிக்கொண்டு, ஆண்டுதோறும் கடைப்பிடித்தும் வருகின்றனர்.