ஒரே பெயரில் மூன்று காய்ச்சல்

2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்துக் கிடந்த செய்தி வந்தது. மேல்விஷாரம் டீக்கடையில் என் பக்கத்தில் இருந்த தோல் வியாபாரி பாய் பேப்பரை மடித்துவிட்டுக் கேட்டார்: "பன்றிக் காய்ச்சல்னு போட்டிருக்கே சார், பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பலாமா?" நியாயமான பயம்தான். பன்றியே வளர்க்காத ஊரிலும் அந்தப் பெயர் அடிவயிற்றைக் கலக்குகிறது. டீயைக் குடித்துக்கொண்டே நாம் அந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

2009இல் நம்மை முகக்கவசம் போட வைத்ததும் பன்றிக் காய்ச்சல்தான். அது எச்1என்1 என்ற ஃப்ளூ. அதன் தோற்றுவாய் பன்றிகளிடம் இருந்தது உண்மை. ஆனால் ஊர் ஊராகப் பரப்பியது மனிதரின் இருமலும் தும்மலும்தான். பெயரைக் கேட்டே பயந்துபோன எகிப்து, தன் நாட்டில் ஒருவருக்குக்கூட நோய் வராத நிலையிலேயே, சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டது. அவற்றை வளர்த்துப் பிழைத்த ஏழைக் குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

முதுமலையில் வந்தது வேறு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். கென்யாவில் 1921இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய். இது மனிதரைத் தொற்றவே தொற்றாது. பன்றிக்கு வந்தாலோ பெரும்பாலும் மீட்சியில்லை, மருந்தும் இல்லை. மூன்றாவதாக நம் நாட்டில் நெடுங்காலமாக இருக்கும் பழைய பன்றிக் காய்ச்சல் ஒன்று உண்டு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. இந்தக் கடைசி இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கால்நடை மருத்துவருக்கே கடினம். இரண்டிலும் கடும் காய்ச்சல், தீவனம் எடுக்காமை, காதும் வயிறும் சிவந்து நீலம் பாரிப்பது.

ஆகவே முதல் வேலை, சந்தேகம் தீர்ப்பது. 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடிப் பக்கம் பண்ணைப் பன்றிகள் இறந்தபோது, மாதிரிகள் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போயின. அங்கே செய்வது பிசிஆர் சோதனை. ஒரு பெரிய புத்தகத்தில் நாம் தேடும் வரி இருந்தால் அதை மட்டும் லட்சக்கணக்கில் படியெடுத்துக் காட்டும் இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி இல்லையென்றால் படியும் வராது.

அடுத்த கேள்வி, நோய் எந்த வழியாக வந்தது? புதிதாக வாங்கிய குட்டியா, வந்துபோன வண்டியா, என்ன தீவனம் போட்டார்கள்? பல பண்ணைகளில் தீவனம் ஹோட்டல் எச்சில்தான். அதில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று கிடந்து, நன்றாகக் கொதிக்க வைக்காமல் ஊற்றினால் போதும். "உப்புப் போட்ட கறின்னா கெடாதே?" என்றார் பாய். தோல் வியாபாரிக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! உப்பு தடுப்பது அழுகலை. தோலைத் தின்று பெருகும் பாக்டீரியாவுக்கு ஈரம் வேண்டும். உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. வைரஸ் எதையும் தின்பதில்லை, சும்மா காத்துக்கிடக்கும். உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் மாதக்கணக்கில், உறைய வைத்ததில் ஆண்டுக்கணக்கில் அது தாங்கும். 2007இல் ஜார்ஜியா நாட்டுக்குள் இது கப்பல் கழிவு உணவு வழியாகவே நுழைந்தது என்று கருதுகிறார்கள்.

நோய் உறுதியானதும், அந்த இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளை எல்லாம் கொன்று, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கிறார்கள். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. நன்றாக இருக்கும் பன்றியை எதற்குக் கொல்ல வேண்டும்? வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரிய 4 முதல் 19 நாள் ஆகும். இன்று துள்ளும் குட்டி எந்த நாளில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இங்கே இழப்பீட்டுத் தொகை சுண்ணாம்பைப் போலவே அவசியம் என்பேன். பணம் உடனே வரும் என்ற நம்பிக்கை இல்லாதவர், அதிகாரி வருவதற்குள் இரவோடு இரவாக விற்கப் பார்ப்பார். கூடவே நோயும் வண்டி ஏறிவிடும்.

பிறகு கொட்டிலைக் கழுவி, கிருமிநாசினி அடித்து, காலியாகப் போட்டுவைக்க வேண்டும். காட்டுக்கு இந்த வசதி இல்லை. செத்த பன்றியைத் தேடிக் கண்டுபிடித்து அப்புறப்படுத்தத்தான் முடியும். பண்ணையில் முதலில் சில பன்றிகளை மட்டும் விட்டுப் பார்ப்பார்கள். அவை தீவனம் எடுக்கின்றனவா, காது நிறம் மாறுகிறதா என்று வாரக்கணக்கில் கவனித்த பிறகுதான் அடுத்த குட்டிகள் உள்ளே வரும்.