வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஈயம்!

தவழும் குழந்தை கண்டதையெல்லாம் வாயில் வைக்கும். கதவில் உரிந்த பெயிண்டுச் சில்லு, திண்ணைத் தூசி, சாயம் போன பொம்மை எல்லாம் அதற்குத் தின்பண்டம்தான். அவற்றில் காரீயம் இருந்தால்?

உடனே ஒன்றும் தெரியாது. ஜுரம் இல்லை, வலி இல்லை. பிள்ளை கொஞ்சம் மந்தம் என்று தாய் நினைத்துக்கொள்வாள். உள்ளே போன ஈயமோ ரத்தத்தில் கலந்து, சுண்ணாம்புச் சத்தைப் போல வேஷம் போட்டு, எலும்பிலும் பல்லிலும் குடியேறிவிடும். வளரும் மூளையைத் தாக்கும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது.

சென்னையில் நடந்த சோதனை

2005, 2006-ம் ஆண்டுகளில் சென்னைப் பள்ளிகளில் படித்த, 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க நிபுணர்களுடன் சேர்ந்து சோதித்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது! ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். கடுகிலும் கடுகு. ஆனால் 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ரத்தத்தோடு விடவில்லை. பிள்ளைகளின் குணத்தை வாத்தியார்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஈயம் கூடக் கூட, பதற்றமும் கவனக் குறைவும், மற்றப் பிள்ளைகளோடு ஒட்டாத தன்மையும் கூடியிருந்தன.

ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-லேயே நின்றுபோயிற்று. ஆகவே பழியை மோட்டார் புகையின் மேல் மட்டும் போட முடியாது.

மயிலாடும்பாறையில்...

“இது பட்டணத்துச் சமாசாரம்” என்று வருசநாட்டு மலையடிவாரத்தில் இருப்பவர்கள் ஒதுக்கிவிடலாமா? கூடாது. மயிலாடும்பாறையிலும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்டு அடிக்கிறார்கள் அல்லவா? வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த மஞ்சளும் சிவப்பும் உரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் இடத்தில் வேலை செய்பவர், அதே சட்டையோடு வந்து பிள்ளையைத் தூக்கினால் போதும்.

மஞ்சள் தூளும் சந்தேகத்துக்குரியதே. பளபளப்புக்காக ‘லெட் குரோமேட்’ என்ற ஈயச் சாயத்தைக் கலப்பவர்கள் உண்டு. பங்களாதேஷில் 2019-ல் சோதித்த மஞ்சளில் ஏறக்குறைய பாதியில் ஈயம் இருந்தது. சர்க்கார் கடைகளில் புகுந்து அபராதம் போட்டது. 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மனம் வைத்தால் நடக்கிறது!

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு? அது வெள்ளீயம், வேறு உலோகம். காசை மிச்சம் பிடிக்கக் காரீயம் கலந்து வார்த்திருந்தால்தான் வம்பு. புளி அதைக் கரைத்துவிடும். பென்சிலைக் கடிக்கும் பையனைப் பற்றிக் கவலை வேண்டாம். அதிலிருப்பது ஒருவகைக் கரி.

அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள். ஈயம் பார்க்கும் வழக்கம் இல்லை. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தச் சோதனை செய்துகொள்ளவேண்டும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளையின் குடல் ஈயத்தை அதிகம் இழுக்கும். கொல்லை முருங்கைக்கு இங்கே வேலை உண்டு. தரையை ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்ட நேர்ந்தால் நனைத்துச் சுரண்டுங்கள். அன்றைக்குப் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.