சனிக்கிழமை குழந்தையை யார் பார்ப்பது? எம்.பி. சம்பளமும் பராமரிப்புச் செலவும்

பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 2025 ஏப்ரலில் 93,904 பவுண்டாக உயர்ந்தது. இவ்வளவு வாங்குபவர், வார இறுதியில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவையும் மக்கள் பணத்திலிருந்து கேட்கலாமா? வரி கட்டும் எவருக்கும் இந்தக் கேள்வி எழும். எழுவதும் நியாயம்.

ஆனால் அரசியல்வாதி என்ற ஒரே பெயருக்குள் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள்: நல்ல சம்பளம் வாங்கும் எம்.பி., சொற்பமான படி மட்டும் பெறும் கவுன்சிலர், ஒரு காசும் பெறாத வேட்பாளர். இவர்களைப் பிரித்துப் பார்க்காதவரை இந்த விவாதத்தில் தெளிவு பிறக்காது.

வார இறுதியில் அப்படி என்ன வேலை?

மக்களவை வழக்கமாகத் திங்கள் முதல் வியாழன் வரை கூடுகிறது. திங்கட்கிழமை வேலை இரவு 10 மணியைத் தாண்டும். வெள்ளிக்கிழமைகளில் எப்போதாவதுதான் அவை உண்டு. எனவே தொகுதிக்கான நாட்கள் வெள்ளியும் சனியும்தான். ஊர் நூலகத்திலோ தேவாலயக் கூடத்திலோ ஒரு மேசையைப் போட்டு, எம்.பி. மக்களின் குறைகளைக் கேட்கிறார். 'சர்ஜரி' என்று அங்கே சொல்வது இதைத்தான்.

அந்த மேசைக்கு வருபவர்களைப் பாருங்கள். குடியிருப்பின் சுவரெல்லாம் பூஞ்சை படர்ந்திருக்க, இருமும் பிள்ளையோடு ஒரு தாய் வருவார். மனைவியின் விசா மாதக்கணக்கில் நகராமல் கிடப்பதால் கடிதக் கத்தையோடு ஒருவர் வருவார். ஊனமுற்றோர் உதவித்தொகை நின்றுபோன முதியவர் ஒருவர் அடுத்துக் காத்திருப்பார். ஒவ்வொருவரும் வீட்டுக்கு வெளியே சொல்லத் தயங்கும் விஷயத்தைச் சொல்ல வந்தவர்கள். அந்த நேரத்தில் மடியில் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு குறிப்பெடுப்பது வந்தவருக்கும் நல்லதல்ல, குழந்தைக்கும் நல்லதல்ல. பாதுகாப்பும் ஒரு கவலை. 2021 அக்டோபர் 15 அன்று லீ-ஆன்-சீ என்ற ஊரில் தேவாலயக் கூடத்தில் இப்படிக் குறை கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எம்.பி. டேவிட் அமெஸ் குத்திக் கொல்லப்பட்டார்.

குறைகேட்பு முடிந்தால் வீடு வீடாகக் கதவு தட்டும் கட்சி வேலை, பள்ளி விழா, ஞாயிறன்று நினைவு நிகழ்ச்சி என்று வரிசையாக வரும். நாடாளுமன்றத்திலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் உண்டு. முன்பு மதுக்கூடம் இருந்த இடத்தில் 2010 செப்டம்பரில் அதைத் திறந்தார்கள். கட்டணம் பெற்றோருடையது. ஆனால் அது லண்டனில், வார நாட்களில் இயங்குவது. நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் தொகுதியின் சனிக்கிழமைக்கு அது உதவாது.

சம்பளத்தை முடிவு செய்வது யார்?

முன்பு எம்.பி.க்களே தங்கள் சம்பளத்தை வாக்களித்து முடிவு செய்தார்கள். 2009-இல் செலவுக் கணக்கு ஊழல் வெடித்ததும் அந்த முறை முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு இயற்றிய சட்டப்படி 'ஐப்சா' என்ற சுதந்திரமான ஆணையம் பிறந்தது. செலவுகளைச் சரிபார்ப்பதும், 2011 முதல் சம்பளத்தை நிர்ணயிப்பதும் அதன் பொறுப்பு.

ஐப்சா எதற்கெல்லாம் பணம் தருகிறது? அலுவலக வாடகை, உதவியாளர்களின் ஊதியம், தொகுதிக்கும் லண்டனுக்கும் இடையே பயணம், லண்டனுக்கு வெளியே உள்ள உறுப்பினர்களுக்கு இன்னொரு வீட்டின் வாடகை. பிள்ளைகள் இருந்தால் அந்த வாடகை வரம்பு கொஞ்சம் உயரும். பிள்ளைகள் பெற்றோரோடு சென்று வரும் பயணத்துக்கும் ஓர் அளவு வரை பணம் உண்டு. காப்பகக் கட்டணத்துக்கும், வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் கூலிக்கும் மட்டும் பணம் கிடையாது. அது எம்.பி.யின் சொந்தச் செலவு.

ஏன் இல்லை?

இதற்குப் பின்னால் பிரிட்டன் வரிச் சட்டத்தின் பழைய தர்க்கம் ஒன்று இருக்கிறது. வேலையைச் செய்வதற்கு ஆகும் செலவு வேறு, வேலைக்குப் போகத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ள ஆகும் செலவு வேறு. கணினியும் அலுவலகமும் முதல் வகை. அலுவலகத்துக்குப் போகும் ரயில் கட்டணம், மதியச் சாப்பாடு, குழந்தை பராமரிப்பு எல்லாம் இரண்டாம் வகை. முதல் வகைக்கே வரிச் சலுகை. செவிலியருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் கடைச் சிப்பந்திக்கும் இதே விதிதான். அவர்களும் சனி, ஞாயிறு பார்க்காமல் உழைக்கிறவர்கள். எம்.பி.க்கு மட்டும் விலக்கு கொடுத்தால் அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

அமெரிக்காவில் இதே கேள்வியை வேறொரு கோணத்தில் கேட்டார்கள். 2018-இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் லியூபா கிரெச்சென் ஷெர்லி என்ற பெண் மக்கள் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டார். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். பிரசாரத்துக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்குத் தேர்தல் நிதியிலிருந்து கூலி தரலாமா என்று கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்திடம் கேட்டார். ஆணையம் எழுப்பிய கேள்வி ஒன்றே ஒன்று: அவர் வேட்பாளராக இல்லாவிட்டாலும் இந்தச் செலவு வந்திருக்குமா? வந்திருந்தால் சொந்தச் செலவு. பிரசாரத்தால் மட்டுமே வந்ததென்றால் பிரசாரச் செலவு. 2018 மே 10 அன்று ஆணையர்கள் நால்வரும் ஒருமனதாக அனுமதித்தார்கள். அவர் அந்தத் தேர்தலில் தோற்றார். ஆனால் அவர் வாங்கிய அனுமதி நின்றது. பல மாநிலங்கள் தங்கள் தேர்தல்களுக்கும் இதை விரிவுபடுத்தின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் அனுமதித்தது நன்கொடையாளர் தந்த தேர்தல் நிதி, அரசுக் கருவூலப் பணம் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்வி நமக்கு உதவும். செவ்வாய்க்கிழமை காப்பகக் கட்டணம் எந்த வேலை பார்த்தாலும் வரும். சனிக்கிழமை காலை குறைகேட்புக்காக ஆள் வைத்த கூலி அந்தப் பதவியால் மட்டுமே வந்தது.

எல்லாப் பெற்றோருக்கும் உள்ள உதவி போதாதா?

இங்கிலாந்தில் 2025 செப்டம்பர் முதல், வேலை பார்க்கும் பெற்றோரின் 9 மாதக் குழந்தை தொடங்கி, பள்ளிக்கூட வாரங்களில் வாரத்துக்கு 30 மணி நேரப் பராமரிப்புக்கு அரசு பணம் தருகிறது. இன்னொரு திட்டத்தில் பெற்றோர் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கிறது. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரை இப்படிக் கிடைக்கும்.

வார இறுதியில் வேலை பார்ப்பவர்களை இவை எட்டுவது அரிது. காரணம் இரண்டு. முதலாவது, பெரும்பாலான காப்பகங்கள் சனிக்கிழமை திறப்பதில்லை. அதனால் பாட்டியோ, பக்கத்து வீட்டு மாணவியோதான் கை கொடுக்க வேண்டும். அரசு உதவி பதிவு பெற்ற பராமரிப்பாளருக்கு மட்டுமே உண்டு. இரண்டாவது, தாய் தந்தையரில் ஒருவரின் வருமானம் 1,00,000 பவுண்டைத் தாண்டினாலும் இரண்டு உதவிகளுக்கும் தகுதி போய்விடும். எம்.பி. சம்பளம் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அவர் கடைநிலை அமைச்சரானால் கூடுதலாக 22,375 பவுண்டு வரும். வேலையும் நேரமும் கூடும்போது உதவி போய்விடும். ஆனாலும் அந்த வருமானத்தில் இருப்பவருக்கு இதைத் தாங்கும் சக்தி உண்டு என்பதை மறுக்க முடியாது. 2024-இல் முழுநேரப் பணியாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 37,430 பவுண்டு. எம்.பி. வாங்கியது 91,346. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு.

கவுன்சிலரின் கணக்கு வேறு

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களில் கவுன்சிலருக்குச் சம்பளம் கிடையாது. அடிப்படைப் படி மட்டும் உண்டு. அதன் அளவு மன்றத்துக்கு மன்றம் மாறும். பல இடங்களில் அது ஆண்டுக்குச் சில ஆயிரம் பவுண்டுதான். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பதால் பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறார்கள். மன்றக் கூட்டம் பல இடங்களில் மாலையிலும், வட்டத்து வேலை சனிக்கிழமையிலும் நடக்கிறது.

இவர்களுக்காக 2003 விதிமுறைகளில் பராமரிப்புப் படி ஒன்று இருக்கிறது. குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவை மன்றம் திருப்பித் தரலாம். 'தரலாம்' என்பதுதான் சிக்கல். தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இங்கிலாந்தில் இல்லை. தரும் இடத்திலும் மன்றம் அங்கீகரித்த கூட்டங்களுக்கும் பணிகளுக்கும் மட்டுமே பணம். ஒரு தாய் சனிக்கிழமை தன் வட்டத்து மக்களைச் சந்திக்கப் போவது அந்தப் பட்டியலில் இல்லையென்றால் செலவு அவர் தலையில்.

இன்னொரு தடை, கூச்சம். யார் எவ்வளவு படி வாங்கினார்கள் என்று மன்றங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பிள்ளையைப் பார்க்க மக்கள் பணம் வாங்கினார் என்று எதிர்க்கட்சி துண்டறிக்கை அடிக்குமோ என்ற பயத்தில் பலர் கேட்பதே இல்லை. வேல்ஸ் நாடு இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. பராமரிப்புச் செலவைத் திருப்பித் தருவது அங்கே மன்றங்களின் கடமை. ரசீது காட்ட வேண்டும். ஆனால் பொதுமக்களுக்கு வெளியிடும் கணக்கில் மொத்தத் தொகை மட்டும் இருக்கும், தனித்தனிப் பெயர்கள் இருக்காது. பணத்துக்குக் கணக்கும் உண்டு, கேட்பவருக்கு மானமும் உண்டு.

வேட்பாளரின் நிலை

மூவரிலும் நிர்க்கதியாக நிற்பவர் வேட்பாளர். 2024-இல் தேர்தல் அறிவிப்பு வந்தது மே 22, வாக்குப்பதிவு ஜூலை 4. இந்த ஆறு வாரமும் பலர் விடுப்பெடுத்தோ, சம்பளத்தை இழந்தோதான் பிரசாரம் செய்கிறார்கள். வைப்புத்தொகை 500 பவுண்டு. அதைக் கட்சி கட்டிவிடலாம். ஆறு வாரமும் மாலையிலும் சனி ஞாயிறிலும் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதற்குத்தான் வழியில்லை. இதற்கும் முன்னால், தொகுதியில் பெயர் எடுக்க ஓரிரு ஆண்டு வார இறுதிகளைக் கொடுத்திருப்பார்கள். யாரால் இது முடியும்? வீட்டில் துணை இருப்பவரால், கையில் பணம் இருப்பவரால், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவரால். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயும், இரவுப் பணி பார்க்கும் தந்தையும் வேட்புமனு வாங்குவதற்கு முன்பே விலகிவிடுகிறார்கள்.

2024 தேர்தலில் 650 பேரில் 263 பெண்கள் வென்றார்கள். பிரிட்டன் வரலாற்றில் அதுவே உச்சம். எண்ணிக்கை உயர்வது மகிழ்ச்சி. ஆனால் காப்பகக் கட்டணமும் பள்ளிக்கூட நேரமும் அரசியல் முடிவுகளால் தீர்மானமாகும் ஒரு நாட்டில், அவற்றோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவர்கள் அவைக்குள் குறைவாக இருந்தால் சட்டமும் அப்படித்தான் அமையும்.

ஆக, என்ன செய்யலாம்?

எம்.பி.க்குத் தனிப் படி தேவையில்லை. அவர் தன் சம்பளத்திலிருந்து செலவழிக்கட்டும். சனிக்கிழமை காப்பகம் இல்லாத கஷ்டம் அவருக்கும் செவிலியருக்கும் ஒன்றே என்பதால், அந்தக் கஷ்டத்தை எல்லோருக்கும் சேர்த்துத் தீர்க்க அவர் சட்டம் கொண்டுவரட்டும். கவுன்சிலருக்கு, வேல்ஸில் உள்ளதுபோல, ரசீதுக்குப் பணம் என்பது கட்டாயமாகட்டும். தொகுதி மக்களைச் சந்திக்கும் வார இறுதி நேரமும் அதில் சேரட்டும். வேட்பாளருக்குக் கட்சிகள் தங்கள் நிதியிலிருந்து பராமரிப்புச் செலவை ஏற்கட்டும். இதற்கு வரிப் பணம் ஒரு காசும் வேண்டாம்.

அடுத்த முறை ஓர் அரசியல்வாதி குழந்தை பராமரிப்புக்குப் பணம் வாங்கினார் என்ற தலைப்பைப் பார்த்தால், கோபப்படும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். அவர் எம்.பி.யா, கவுன்சிலரா, வேட்பாளரா? அந்தப் பணம் இல்லாவிட்டால் அவர் இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்?