முதுமையில் கோணும் முதுகு

அழகர்மலையில் நூபுர கங்கை வரை செல்லும் முதியோருள் சிலர் ஏறும்போது அவ்வளவாகத் துன்புறுவதில்லை. இறங்கும்போதுதான் அடிக்கொரு தரம் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பர். "மூட்டுவலி" என்று நாம் முடிவுகட்டி விடுகிறோம். ஆனால், இவர்களுள் சிலருக்கு நோயின் வேர் முதுகெலும்பில் இருக்கிறது.

ஐம்பது வயதுக்குப்பின் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு வற்றித் தேய்கிறது. ஒரு பக்கம் கூடுதலாகத் தேயுமாயின் முதுகு பக்கவாட்டில் சாய்ந்து, சற்றே முறுக்கியும் கொள்கிறது. கூன் என்பது முன்னோக்கிய வளைவு; இது வேறு. எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 பாகையை எட்டினால் மருத்துவர்கள் இதனை ஸ்கோலியாஸிஸ் என்பர். அத்துடன் நரம்பு செல்லும் வழியும் குறுகினால், நடக்கையில் கால் மரத்துப்போகும். முன்குனிந்தால் அவ்வழி சற்று விரியும். மேடேறுவது எளிதாக இருப்பதும், நடக்க மாட்டாதவர் சைக்கிள் மிதிப்பதும் இதனாலேதான்!

பெரும்பாலோர்க்கு அறுவைச் சிகிச்சை தேவையில்லை. உடற்பயிற்சியும் மருந்துமே போதும். நடக்கும் தொலைவு நாளுக்கு நாள் சுருங்கினாலோ, கால் வலுவிழந்தாலோ மட்டுமே அதைப்பற்றி எண்ண வேண்டும். சிறுநீர், மலம் அடக்க இயலாமற் போனால் அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அறுவையின் நோக்கம் முதுகை இளமைக்காலம்போல் நிமிர்த்துவது என்று எண்ணுவோர் உண்டு. நெருக்குண்ட நரம்பை விடுவிப்பதே முதல் வேலை. சிலருக்கு அழுத்தும் எலும்பைச் செதுக்கி எடுப்பதோடு முடிந்துவிடும். வளைவு மிகுந்தோர்க்குத் திருகாணியும் கம்பியும் பொருத்தி எலும்புகளை ஒன்றாக இணைப்பர். இது பெரிய அறுவை. எலும்பு மெலிந்தோர்க்குத் திருகாணி தளர்வதும் உண்டு. வட அமெரிக்காவில் 40 முதல் 80 வயதினரிடையே நடந்து 2019இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டோர் கூடுதல் நலம் கண்டனர். மற்றவர் பெரும்பாலும் முன்னிருந்த நிலையிலேயே இருந்தனர். எனினும் அறுவை செய்தோரிற் சிலர் மறுமுறையும் மேசையேற நேர்ந்தது.

"இந்த வயதில் எதற்கு?" என்று பிள்ளைகள் தாமே தீர்ப்புச் சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. வலியைத் தாங்குபவர் தாயல்லவா? மதுரை இராசாசி மருத்துவமனையாயினும், கோவை கங்கா, வேலூர் சி.எம்.சி. ஆயினும், அவரையும் அருகில் அமர்த்தி மருத்துவரிடம் கேளுங்கள்: எத்தனை எலும்புகளை இணைப்பீர்கள்? இடுப்பெலும்பு வரை இணைத்துவிட்டால் தரையில் சம்மணமிடுவதும், குனிந்து கோலமிடுவதும் அரிதாகிவிடும். நீரிழிவை முன்னதாகவே கட்டுக்குள் கொணர வேண்டும். புகைப்பவராயின் பீடியை அறவே விடவேண்டும். வீட்டிலே உயரமான கழிப்பிருக்கையையும் அறுவைக்கு முன்பே அமைத்துவிடுவது நல்லது.