எருக்குழியும் ஆய்விதழும்

நுழையும்முன்

வேண்டாதது என்று நாம் ஒதுக்கும் பொருள் எங்கே போகிறது? சென்னையின் தென்புறத்தில் இக்கேள்விக்குரிய விடை, சதுப்புநிலத்தில் மேடாகக் குவிந்து கிடக்கிறது. அந்த மேட்டைக் கரைக்கும் வழிகளைக் கூறும் ஆய்வுக்கட்டுரைகளும் ஆண்டுதோறும் குவிகின்றன. இவ்விரு குவியல்களுக்கும் இடையிலுள்ள தொலைவை அறிந்துகொள்ள இக்கட்டுரை துணைசெய்கிறது.

படப்பை என்னும் சொல்

தாம்பரத்திற்கு மேற்கே, வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் அமைந்துள்ள ஊர் படப்பை. சங்க இலக்கியத்தில் இச்சொல், வீட்டையோ ஊரையோ ஒட்டியிருக்கும் தோட்டத்தையும் கொல்லையையும் குறிக்கிறது. வைக்கோற்போரைப் 'படப்பு' என்று சொல்லும் வழக்கம் தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு.

மனைக்குப் பின்னே கொல்லை, அதன் மூலையில் எருக்குழி, அருகில் மாட்டுத்தொழுவம் என்பது பழைய குடியிருப்பின் அமைப்பு. சாணமும் சாம்பலும் தழையும் காய்கறித் தோலும் குழிக்குச் சென்றன. மட்கிய எரு வயலுக்குச் சென்றது. வயலின் விளைச்சல் மீண்டும் வீட்டிற்கு வந்தது. இன்று ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகளும், தாம்பரத்தைச் சுற்றி அடுக்ககங்களும் எழுந்துள்ளன. தாம்பரம் 2021இல் மாநகராட்சியாக உயர்ந்தது. கொல்லை சுருங்கியது, எருக்குழி மறைந்தது. கழிவு மட்டும் மறையவில்லை.

சதுப்புநிலத்தில் ஒரு மேடு

சென்னை மாநகரின் குப்பையில் பெரும்பகுதி கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டது. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி வளர்ந்தது. மழைநீரைத் தாங்கிக்கொள்வதும் வலசைப் பறவைகளுக்குப் புகலிடம் தருவதும் அந்நிலத்தின் இயல்பு. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இக்குப்பைமேட்டில் தீப்பற்றிப் புகை சூழ்ந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை, உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பழங்குப்பையைக் கிளறி, உலர்த்தி, சலித்து, மண், கல், எரியும் பொருள் எனப் பிரித்தெடுக்கும் 'உயிரி அகழ்வு' முறையில் மேட்டைக் குறைக்கும் பணியும் அங்கு மேற்கொள்ளப்பட்டது.

சிதைவின் அறிவியல்

தாவரம், விலங்கு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் கரிமப் பொருளை உயிரித்திரள் என்பர். வைக்கோல், உமி, கரும்புச்சக்கை, சாணம், சமையற்கழிவு அனைத்தும் இதில் அடங்கும். இதனை மாற்றும் வழிகளை இரண்டாகப் பகுக்கலாம்.

முதலாவது, நுண்ணுயிர்களின் வழி. காற்றோட்டம் இருந்தால் கழிவு மட்கி எருவாகும். காற்று புகாத கலனில் அடைத்தால், ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் அதனைக் கரைக்கும், அடுத்தது அமிலமாக்கும், இறுதியில் வரும் கூட்டம் மீத்தேனை உண்டாக்கும். இதுவே சாண எரிவாயு. அமிலம் மிகுந்தால் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர் செயலிழக்கும். கலன் முழுவதும் நின்றுவிடும்.

இரண்டாவது, வெப்பத்தின் வழி. ஆக்சிஜன் இல்லாமல் சூடாக்கினால் கரியும் எண்ணெயும் வாயுவும் பிரியும், இது வெப்பச்சிதைவு. சிறிதளவு காற்றைச் செலுத்தினால் எரியக்கூடிய வாயு மிகுதியாகக் கிடைக்கும், இது வாயுவாக்கம். தென்மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் சீமைக்கருவேல், மின்நிலையங்களுக்கு எரிபொருளாவதும் வெப்பவழியைச் சார்ந்ததே.

குப்பைமேட்டின் அடியிலும் காற்றில்லாச் சிதைவு நிகழ்கிறது. அங்கு உண்டாகும் மீத்தேனைப் பிடித்துவைக்கக் கலன் இல்லை. நூறாண்டுக் கணக்கில், கார்பன் டைஆக்சைடைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பமாக்கும் வாயு அது. கலனில் அடுப்பெரிப்பது, மேட்டில் தீங்காகிறது.

ஊரைத் தேடிச் சென்ற ஆய்வு

இத்துறையில் இந்தியாவின் பங்கு நெடியது. ஜே. ஜே. பட்டேல் 1950களில் மிதக்கும் கொப்பரை அமைந்த சாண எரிவாயுக் கலனை உருவாக்கினார். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களின் தொடக்கத்தில் அதனை ஏற்றுச் சிற்றூர்களில் பரப்பியது.

சென்னையின் தென்புறமும் இதில் பங்குகொண்டது. தரமணியில் முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தை வழிநடத்திய சி. வி. சேஷாத்திரி, ஊரகத்திற்கேற்ற ஆற்றல் வழிகளையும் பாசி வளர்ப்பையும் ஆராய்ந்தார். அம்மையம் தன் ஆய்வுகளைத் தனி வெளியீடுகளாகவும் அச்சிட்டது. சென்னைப் புதுக்கல்லூரிப் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணுக்குரிய மண்புழுக்களை ஆராய்ந்து, மண்புழு உரத்தை உழவர்களிடம் கொண்டுசேர்த்தார்.

2005இல் கோயம்பேடு சந்தையில், நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவைக் கையாளும் எரிவாயு நிலையம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதன் இயக்கம் தடைப்பட்டது. கலனுக்குள் செல்லும் கழிவில் நெகிழியும் கயிறும் மண்ணும் கலந்தால், சிறந்த கலனும் நின்றுவிடும். பிரித்துத் தருவோரும் பழுதுபார்ப்போரும் நாள்தோறும் இருந்தால்தான் இத்தகைய நிலையம் இயங்கும்.

இதழ்ப்பெயர் சொல்லும் வரலாறு

ஒரு துறையின் எண்ணவோட்டத்தை அதன் இதழ்களின் பெயர்களே காட்டும். 1979இல் 'வேளாண் கழிவுகள்' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரில் ஓர் ஆய்விதழ் தொடங்கியது. 1987இல் அது 'உயிரியற் கழிவுகள்' எனப் பெயர் மாறியது. 1991இல் 'உயிரிவளத் தொழில்நுட்பம்' ஆயிற்று. பன்னிரண்டே ஆண்டுகளில் கழிவு என்னும் சொல் நீங்கி, வளம் என்னும் சொல் அமர்ந்தது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் கழிவை மதிப்புக்கூட்டுதல், உயிரித்திரள் மாற்றம் ஆகியவற்றிற்கெனப் புதிய இதழ்கள் பிறந்தன.

ஆய்வுப்பொருளும் மாறியது. தொடக்கத்தில் எருவும் சாண எரிவாயுவும் முதலிடம் பெற்றன. 2000களில் காட்டாமணக்கு எண்ணெய் பெரும் நம்பிக்கையூட்டியது; வயலில் எதிர்பார்த்த விளைச்சல் கிடைக்காததால் அந்த அலை தணிந்தது. பின்னர் வைக்கோல் போன்றவற்றிலிருந்து எத்தனால், நுண்பாசி, உயிரிக்கரி, நெகிழியின் வெப்பச்சிதைவு எனக் கட்டுரைகள் பெருகின. அண்மையில் கணினியின் இயந்திரக் கற்றலும் இணைந்துள்ளது.

> தெரிந்து தெளிவோம்
> சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். நூல்களையும் அவற்றின் பயன்பாட்டையும் எண்களால் அளந்தறியும் ஒரு துறை வேண்டும் என்று 1948இல் முன்மொழிந்தார். ஆய்வுக்கட்டுரைகளை எண்ணியும் அவற்றின் மேற்கோள் தொடர்பை ஆராய்ந்தும் துறைகளின் போக்கை அறியும் இன்றைய அறிவியல் அளவியலுக்கு இக்கருத்து ஒரு முன்னோடி.

எண்ணிக்கையும் அதன் நிழலும்

ஓர் இதழில் முந்தைய ஈராண்டுகளில் வெளிவந்த கட்டுரைகள் இவ்வாண்டு பெற்ற மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது தாக்கக் காரணி. 200 கட்டுரைகள் 1,000 மேற்கோள்களைப் பெற்றால் அது 5. நூலகங்கள் இதழ்களைத் தேர்ந்தெடுக்க உதவிய இக்கணக்கு, நாளடைவில் ஆய்வாளரின் பணிக்கும் பதவி உயர்வுக்கும் அளவுகோலாக மாறியது.

அதனால் சில கேடுகளும் விளைந்தன. ஒரே ஆய்வைப் பல துண்டுகளாக்கி வெளியிடுவதும், தம்முள் மேற்கோள் காட்டி எண்ணிக்கையைக் கூட்டுவதும், கட்டணம் பெற்றுக்கொண்டு மதிப்பீடின்றி அச்சிடும் போலி இதழ்களும் தலையெடுத்தன. பிழை கண்டறியப்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்படுகின்றன. இன்னொரு குறை, வெளியே தெரியாதது. வெற்றி பெற்ற சோதனை கட்டுரையாகிறது. தோற்ற சோதனை குறிப்பேட்டிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே, ஒருவர் கண்ட தோல்வியை மற்றொருவர் மீண்டும் பொருள் செலவிட்டுக் காண நேர்கிறது.

ஒரு லிட்டர்க் குடுவையில் கிடைத்த விளைச்சலை 30 டன் கலனுக்கு அப்படியே பெருக்கிச் சொல்ல இயலாது. குடுவைக்குள் செல்வது அளந்து, அரைத்து, தூய்மை செய்த கழிவு; கலனுக்குள் செல்வது சந்தையின் கழிவு. எவ்வளவு நாள் இயக்கப்பட்டது, எந்தக் கழிவு, எவ்வளவு செலவு, மிஞ்சியது என்னவாயிற்று ஆகிய நான்கு கேள்விகளுக்கும் விடை தரும் கட்டுரையே ஊருக்குப் பயன்படும்.

தமிழில் திரும்பவேண்டிய அறிவு

எருக்குழியிலிருந்து எடுத்த மாதிரி ஆய்வகத்திற்குச் செல்கிறது. முடிவு ஆங்கில இதழில் வெளியாகிறது. உலக அறிஞர்கள் படிக்க அது தேவையே. எனினும் மாதிரியைத் தந்த உழவருக்கும், குப்பையைத் தரம்பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அம்முடிவு அவர்தம் மொழியில் வந்து சேரவேண்டும். கையுறையின்றிக் கழிவைத் தொடுவதன் ஆபத்தை முதலில் அறியவேண்டியவர் அவரே. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவைத் தோன்றும் இடத்திலேயே மூன்றாகப் பிரிக்கக் கூறின: மட்கும் கழிவு, மட்காத கழிவு, வீட்டிலுண்டாகும் தீங்குதரும் கழிவு. ஏன் பிரிக்கவேண்டும் என்பதற்கான விடையோ ஆய்விதழ்களில் உள்ளது. அவ்விடையைத் தமிழில் எடுத்துரைப்பவர், குடுவைக்கும் குழிக்கும் இடையே பாலம் அமைக்கிறார். கொல்லை இல்லாத அடுக்ககத்திலும் ஒரு மட்குத்தொட்டிக்கு இடமுண்டு. ஆய்வின் தாக்கத்தை அங்கேயும் அளக்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் சேரும் மட்கும் கழிவையும் மட்காத கழிவையும் தனித்தனியே எடையிட்டு அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊர்ப்பெயரின் பொருளை அறிந்து, அப்பொருள் இன்றைய ஊருக்குப் பொருந்துமாற்றை ஆராய்ந்து எழுதுக.
3. 'எண்ணிக்கை மட்டும் ஆய்வின் தரத்தைக் காட்டுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.